செல்போன் ரீசார்ஜ் செலவைக் குறைக்க சிறு விவசாயிகளுக்கு வழி

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் தை, மாசி மாதங்களில் அடுத்த பட்டத்துக்கு விதை எவ்வளவு, உரம் எவ்வளவு, உழவுக்கூலி எவ்வளவு என்று கணக்குப் போடுவது விவசாயக் குடும்பங்களின் வழக்கம். ஆனால் இந்தக் கணக்கில் எங்குமே எழுதப்படாத ஒரு செலவு சென்ற சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கிறது. அது செல்போன் ரீசார்ஜ் செலவு. ஒரே தடவையில் பெருந்தொகையாகப் போவதில்லை. இருநூறு, முந்நூறு என்று ஆளுக்கொரு தேதியில் போவதால் கண்ணில் படுவதில்லை. வரப்பு எலி வளையில் கசியும் தண்ணீரைப் போல, மடை முழுவதும் வறண்ட பிறகுதான் தெரிகிறது.

இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத் தலைவரிடம் இரண்டு சிம் போடும் பட்டன் போன் ஒன்று. மனைவியிடம் ஒரு பட்டன் போன். கல்லூரியில் படிக்கும் மகனிடம் ஸ்மார்ட் போன். கிணற்று மோட்டாரில் பொருத்திய மொபைல் ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம். ஆக, ஐந்து சிம் கார்டுகள். இவற்றில் நான்குக்கு 28 நாள் திட்டம் 199 ரூபாய், மகனுக்கு தினம் 1 ஜி.பி. டேட்டா உள்ள 28 நாள் திட்டம் 299 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின் ஏர்டெல் நிறுவனம் அறிவித்த விலைகள் இவை), ஆண்டுச் செலவு எவ்வளவு தெரியுமா? 14,235 ரூபாய். பிரதமரின் கிசான் நிதித் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணைகளில் கிடைப்பது 6,000 ரூபாய். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செல்போனுக்கே போகிறது.

இந்தத் தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை, யாருடைய பேச்சையும் குறைக்காமலே மிச்சப்படுத்த முடியும். அதற்கான கணக்கைக் கீழே காணலாம்.

28 நாள் என்பது ஒரு மாதம் அல்ல

முதலில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. 28 நாள் திட்டத்தை "மாத ரீசார்ஜ்" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 12 மாதம்தானே என்று 12 தடவை ரீசார்ஜ் செய்தால் 336 நாட்களே ஆகின்றன. ஆண்டை ஓட்ட 13 தடவை செய்ய வேண்டும். அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜை எந்தக் குடும்பமும் கணக்கில் வைப்பதில்லை. ஐந்து சிம் உள்ள வீட்டில் இதுவே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய்.

இதுபற்றிப் புகார்கள் எழுந்ததால்தான் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 30 நாள் செல்லுபடியாகும் திட்டங்களையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ரீசார்ஜ் கடைகளில் இவற்றை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

எந்தத் திட்டம் மலிவு என்று பார்க்க ஒரே வழி, விலையை நாட்களால் வகுப்பதுதான். 199 ரூபாயை 28 நாளால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 7 ரூபாய் 11 காசு. இதே போல் ஒவ்வொரு திட்டத்துக்கும் போட்டுப் பார்த்தால் எது குறைவு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். விலைகள் அடிக்கடி மாறுகின்றன. எனவே இங்கே கொடுத்துள்ள தொகைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த வகுத்தல் முறையைப் பழகிக்கொள்வது நல்லது.

பழைய நிலையும் இன்றைய நிலையும்

ஐம்பது வயதைக் கடந்த விவசாயிகளுக்கு டிரங்கால் பதிவு செய்துவிட்டு அஞ்சலகத்தில் காத்திருந்த நாட்கள் நினைவிருக்கும். பிறகு மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவு கட்டணம் குறையும் நேரம் வரை வரிசையில் நின்று பேசியதுண்டு. செல்போன் இந்தியாவுக்கு 1995-இல் வந்தது. அப்போது வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003 மே முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன்பிறகே செல்போன் வயல்வெளிக்கு வந்து சேர்ந்தது. 2005 கடைசியில் 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் 'ஆயுள் முழுவதும்' இன்கமிங் என்ற திட்டங்களும் வந்தன. பத்து ரூபாய்க்கு டாப்-அப், அதற்கு மேல் ஒரு ரேட் கட்டர், அவசரத்துக்கு மிஸ்டு கால் என்று மாதம் முப்பது ரூபாயில் சமாளித்த குடும்பங்கள் ஏராளம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்பதே போயிற்று. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், டேட்டாவும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே மூட்டையாக வாங்க வேண்டும் என்ற முறை வந்தது. 2018 முடிவில் சில நிறுவனங்கள், வரும் அழைப்பைப் பெறுவதற்கே 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் செய்தாக வேண்டும் என்றன. அந்தக் குறைந்தபட்சத் தொகை படிப்படியாக ஏறி இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது. நாள் முழுவதும் இணையம் பார்க்கும் நகரவாசிக்கு இது பெரிய சுமையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஒரு நாளைக்கு நாலு போன் பேசும் விவசாயி, பட்டன் போனில் திறக்கவே முடியாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவந்தார் என்பதே உண்மை. வேண்டாத பூச்சிமருந்தை உரத்தோடு சேர்த்துக் கட்டாயமாகத் தலையில் கட்டுவது போன்ற ஏற்பாடுதான் இது.

பேச்சு மட்டும் உள்ள திட்டங்கள்

இந்தக் குறையைப் போக்க, 2024 டிசம்பர் 23-இல் ட்ராய் தன் விதிகளைத் திருத்தியது. டேட்டா இல்லாமல், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களை எல்லா நிறுவனங்களும் தனியாக வழங்க வேண்டும் என்பது ஒன்று. சிறப்புக் கட்டண வவுச்சர்களின் கால அளவு 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்றிருந்ததை 365 நாள் வரை நீட்டித்தது மற்றொன்று.

இதன்படி 2025 ஜனவரியில் வெளிவந்த திட்டங்களைப் பார்ப்போம். ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று அறிவித்தது. வி.ஐ. நிறுவனம் 84 நாளுக்கு 470 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றது. ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று வைத்தது. இங்கும் நாள் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஜியோவின் நீண்டகாலத் திட்டம் முழு ஆண்டு அல்ல, 11 மாதமே. விலை நூறு ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும் நாள் ஒன்றுக்கு 5 ரூபாய் 20 காசு ஆகிறது. 1,849 ரூபாய் திட்டத்தில் நாள் ஒன்றுக்கு 5 ரூபாய் 7 காசுதான். ஆனால் 84 நாள் திட்டங்களை ஒப்பிட்டால் 448 ரூபாயே மலிவு. ஆகவே "இந்த நிறுவனம் மலிவு, அந்த நிறுவனம் விலை அதிகம்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

பட்டன் போன் வைத்திருப்போர், பெரியவர்கள், தோட்டத்துக் காவலுக்கு ஒரு போன் கொடுத்திருப்போர் ஆகியோருக்கு இந்தப் பேச்சுத் திட்டங்களே ஏற்றவை. ஸ்மார்ட் போனில் இவ்வகைத் திட்டத்தைப் போடுவோர் மொபைல் டேட்டாவை அணைத்து வைக்க வேண்டும். இல்லையேல் மெயின் பேலன்ஸில் கிடக்கும் தொகை தெரியாமலே கரைந்துவிடக்கூடும்.

ஜியோ நிறுவனம் 2023 ஜூலையில் ஜியோ பாரத் என்ற பட்டன் போனை 999 ரூபாய்க்கு வெளியிட்டது. அந்தப் போனுக்கென்று 28 நாளைக்கு 123 ரூபாய் என்ற தனித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 4 ரூபாய் 40 காசுக்குள் அடங்கும். அந்தச் சலுகை அந்தப் போனுக்கு மட்டுமே. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் கிடைக்காது. பழைய போன் பழுதாகிப் புதிது வாங்க நினைப்போர் இதையும் விசாரிக்கலாம். நன்றாக ஓடும் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்க வேண்டியதில்லை.

கடன் வாங்கி ஆண்டுத் திட்டம் போடலாமா?

ஆண்டுத் திட்டம் மலிவுதான். ஆனால் 1,849 ரூபாயை ஒரே நாளில் எடுத்துவைக்க எல்லோராலும் முடியாது. கைமாற்று வாங்கிப் போடலாமா என்ற கேள்வி எழும். இதற்கும் கணக்கு உண்டு.

469 ரூபாய் திட்டத்தை ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் 2,038 ரூபாய் ஆகிறது. 1,849 ரூபாய் திட்டத்தைவிட 189 ரூபாய் அதிகம். ஆனால் அதை நான்கைந்து தவணைகளாகக் கட்டுகிறோம். ஆண்டுத் திட்டத்துக்காக முன்கூட்டிக் கட்டும் அதிகப்படித் தொகையை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டுமே ஏறத்தாழ 150 ரூபாய் ஆகிவிடும். மிச்சமாவது நாற்பது ரூபாய்க்கும் குறைவு. அந்த நாற்பது ரூபாய்க்காகக் கடன்காரர் ஆவதில் பொருளில்லை. எனவே அறுவடைப் பணமோ, பால் பணமோ கையில் இருக்கும்போது ஆண்டுத் திட்டம். இல்லையென்றால் 84 நாள் திட்டம். 28 நாள் திட்டத்துக்கு மட்டும் போக வேண்டாம். அது இரண்டையும்விட 550 முதல் 740 ரூபாய் வரை அதிகம்.

ஆண்டுத் திட்டம் போடுமுன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் மீதி நாட்களுக்கான பணம் திரும்ப வராது. சிக்னல் உறுதியாகக் கிடைக்கும் நிறுவனத்துக்கே ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்கலாம்.

மொபைல் ஸ்டார்ட்டர் சிம்மைக் கவனியுங்கள்

விவசாயிகள் வீட்டில் உள்ள சிம்களிலேயே அதிக முக்கியமானதும், அதிகமாக மறக்கப்படுவதும் மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிம்தான். மும்முனை மின்சாரம் நடு இரவில் வரும் ஊர்களில், இருட்டில் பாம்பையும் மின்கசிவையும் அஞ்சி நடக்காமல் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் இந்தக் கருவி பெரிய உதவி. தமிழ்நாடு அரசு இதற்கு மானியமும் வழங்கி வந்துள்ளது.

கருவிக்குள் இருக்கும் சிம்மும் ஒரு செல்போன் சிம்தான். அதன் காலம் முடிந்தால் நிறுவனத்திலிருந்து வரும் நினைவூட்டுக் குறுஞ்செய்தி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேரும். அதைப் படிக்க அங்கே யாரும் இல்லை. ஒருநாள் இரவு அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. மின்சாரம் இல்லை போலும், சிக்னல் இல்லை போலும் என்று நினைத்து இரண்டு மூன்று நாட்கள் போய்விடும். நிலக்கடலை பூவெடுத்து விழுது இறங்கும் பருவத்தில் இப்படி ஒரு பாசனம் தவறினால் ஏற்படும் இழப்பு, ஆண்டு ரீசார்ஜ் தொகையைப்போல் பல மடங்கு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விதைத்த அன்று 84 நாள் திட்டம் போட்டால், 105 நாள் வயதுள்ள நிலக்கடலைக்கு அது அறுவடை வரை வராது. காய் முற்றும் தறுவாயில், கடைசித் தண்ணீர் கட்ட வேண்டிய நேரத்தில் சிம் நின்றுபோகும். 110, 120 நாள் குறுகிய கால நெல் ரகங்களுக்கும் அப்படியே. ஸ்டார்ட்டர் சிம்முக்கு மட்டுமாவது ஆண்டுத் திட்டமே பாதுகாப்பு. முடியாதவர்கள் முடியும் தேதியை ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவில் பெயிண்டால் எழுதிவைக்கலாம். வீட்டுத் தினசரி நாட்காட்டியில் ஒரு வாரம் முன்னதாகக் குறித்துவைப்பதும் நல்லது.

டேட்டா உள்ள திட்டம் இந்தச் சிம்முக்குத் தேவையே இல்லை. பெரும்பாலான கருவிகள் அழைப்பின் மூலமோ, மிஸ்டு காலின் மூலமோ, குறுஞ்செய்தியின் மூலமோதான் வேலை செய்கின்றன. செயலி வழியாக இணையத்தில் இயங்கும் புதுவகைக் கருவிகளுக்கு மட்டும் டேட்டா வேண்டும். எந்த வகை என்பதைக் கருவியோடு வந்த குறிப்பேட்டில் பார்க்கலாம். அல்லது பொருத்திய மெக்கானிக்கைக் கேட்கலாம். மின்சாரம் வந்ததும், பேஸ் போனதும், கிணற்றில் தண்ணீர் வற்றியதும் தானே கூப்பிட்டுச் சொல்லும் கருவிகள் உண்டு. அவற்றின் சிம்மில் வெளியே பேசும் வசதியும் இருக்க வேண்டும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்டார்ட்டர்கள் பலவும் 2ஜி முறையில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. 4ஜி, 5ஜி மட்டுமே. விலை குறைவு என்று ஜியோ சிம்மை வாங்கி 2ஜி ஸ்டார்ட்டரில் போட்டால் கருவி அதை ஏற்காது. கருவி கெட்டுப்போனதாக நினைத்து மெக்கானிக்குக்கு முந்நூறு, நானூறு கொடுப்பதுதான் மிச்சமாகும். சாதாரண 2ஜி பட்டன் போன்களுக்கும் இது பொருந்தும். 4ஜி சிம்மை ஏற்கும் ஸ்டார்ட்டர்களும் சந்தையில் உள்ளன. புதிதாக வாங்குவோர் அதையே கேட்டு வாங்குவது பின்னாளைக்கு நல்லது.

தேவையற்ற இரண்டாவது சிம்

இரண்டு சிம் போன் வந்தபின், எப்போதோ சலுகைக்காக வாங்கிய இரண்டாவது சிம்மையும் பழக்கத்தால் ரீசார்ஜ் செய்து வருவோர் பலர். பேச்சு எங்கும் இலவசமான பின் இரண்டு சிம்முக்கு அவசியம் குறைந்துவிட்டது. வீட்டில் ஒன்றும் கிணற்றடியில் ஒன்றுமாகச் சிக்னல் மாறிக் கிடைக்கும் ஊர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

ஆனால் அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. வங்கிக் கணக்கு, ஆதார், கிசான் நிதி, பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் சங்கம், நேரடி நெல் கொள்முதல் பதிவு ஆகியவற்றில் எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். செயலிழந்த எண்ணைச் சில மாதங்களுக்குப் பிறகு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்போது வங்கிச் செய்திகள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். எல்லா இடங்களிலும் எண்ணை மாற்றிய பின்னரே பழைய சிம்மைக் கைவிட வேண்டும். ஆதாரில் உள்ள எண்ணை ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ரீசார்ஜ் செய்யாமல் எண்ணை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று பலரும் கேட்பதுண்டு. ட்ராய் 2013-இல் கொண்டுவந்த விதிப்படி, 90 நாட்கள் எந்த உபயோகமும் இல்லாத பிரீபெய்டு எண்ணையே துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணைக் காப்பாற்ற வேண்டும். இது எண் பறிபோகாமல் இருக்க மட்டுமே உதவும். அந்த நாட்களில் பேச முடியும், ஓ.டி.பி. வரும் என்று நம்பிவிடக் கூடாது. எப்படியும் மெயின் பேலன்ஸில் இருபது, முப்பது ரூபாய் போட்டுவைப்பது கெடுதல் இல்லை. டாப்-அப்பில் ஜி.எஸ்.டி.யும் சேவைக் கட்டணமும் கழியும். 10 ரூபாய் போட்டால் 7 ரூபாய் 47 காசும், 20 ரூபாய் போட்டால் 14 ரூபாய் 95 காசும், 100 ரூபாய் போட்டால் 81 ரூபாய் 75 காசும் பேலன்ஸாக ஏறும்.

குடும்பத்துக்கு ஒரு டேட்டா போதும்

தினம் ஒரு ஜி.பி., ஒன்றரை ஜி.பி. என்று கொடுக்கும் டேட்டா, முறைத் தண்ணீர் போன்றது. நள்ளிரவுக்குள் பயன்படுத்தாவிட்டால் போயிற்று, மறுநாளைக்குச் சேராது. வீட்டில் ஒருவரிடம் டேட்டா திட்டம் இருந்தால் மாலையில் அவருடைய போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றவர்கள் உழவன் செயலியில் சந்தை விலையும் வானிலையும் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக டேட்டா வாங்க வேண்டியதில்லை.

வெறும் ஆலோசனைக்காக டேட்டா தேவைப்படுவோருக்கு வேறு வழியும் உண்டு. கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும். 2004 முதல் இயங்கிவரும் இந்தச் சேவைக்குப் பட்டன் போனே போதும்.

இப்போது முதலில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். இரண்டாவது சிம்மை முறைப்படி விட்டாயிற்று. கணவர், மனைவி, ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றுக்கும் 1,849 ரூபாய் பேச்சுத் திட்டம், 5,547 ரூபாய். மகனுக்கு 28 நாள் திட்டத்துக்குப் பதிலாக, தினம் ஒன்றரை ஜி.பி. உள்ள 84 நாள் திட்டம் 859 ரூபாய். ஆண்டுக்கு 3,733 ரூபாய். மொத்தம் 9,280 ரூபாய். முன்பு ஆனது 14,235. மிச்சம் 4,955 ரூபாய். 2025-இல் டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய்க்கும் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கும் விற்றன. அந்த விலையில் மூன்று மூட்டை டி.ஏ.பி.யும் மூன்று மூட்டை யூரியாவும் வாங்கி, கையில் நூறு ரூபாய் மிஞ்சும். மகனுக்கு டேட்டாவும் முன்பைவிடக் கூடுதல்.

நிறுவனம் மாறுவோருக்கு

2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி உள்ளது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை. அதனால் பலர் அதற்கு மாறினார்கள். மாறுவதற்கு முன் சிக்னலைச் சோதிக்க வேண்டியது வீட்டுத் திண்ணையில் அல்ல. கிணற்றடியிலும் கடைசி வரப்பிலும். அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு போய் அவர் போனிலிருந்தே பேசிப் பார்த்துவிடலாம்.

எண்ணை வாங்கி அல்லது முன்பு மாறி 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, தம் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்கே செல்லும். அதையும் ஆதாரையும் கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாறிவிடும். பழைய சிம்மில் உள்ள பேலன்ஸும் மீதி நாட்களும் போய்விடும் என்பதால், திட்டம் முடியப்போகும் கடைசி வாரத்தில் மாறுவதே சிக்கனம். மாறும் நேரத்தில் சில மணி நேரம் போன் வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் சிம்மானால் பாசன முறை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யவும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், 'அன்லிமிடெட்' பேச்சு என்பது இந்தியாவுக்குள் மட்டுமே என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே மணி அடித்து நின்ற தெரியாத அழைப்புக்குத் திரும்பக் கூப்பிட்டால் பேலன்ஸ் முழுவதும் போகலாம்.

ரீசார்ஜ் கடையில்

கடைக்குப் போகும்போது எண்ணையும் எத்தனை நாள் திட்டம், டேட்டா வேண்டுமா வேண்டாமா என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. "ஒரு ரீசார்ஜ் போடுங்க" என்று மட்டும் சொன்னால் 28 நாள் திட்டமே ஏறும். ஓர் இலக்கம் தவறி வேறு எண்ணுக்குப் போன பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். பிள்ளைகள் போனில் செயலி மூலம் செய்யும்போது, சில செயலிகள் ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் ஒரு ரூபாய் முதல் மூன்று ரூபாய் வரை தனியாகப் பிடிக்கின்றன. நிறுவனத்தின் சொந்தச் செயலியில் அது இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிம் நின்றுவிடும், உடனே விவரம் கொடுங்கள் என்று மிரட்டும் அழைப்புகளுக்கு ஓ.டி.பி. எதையும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்ல வேண்டும்.

கேட்காமலே ஜோசியம், பாட்டு, கிரிக்கெட் செய்தி என்று சேவை ஏறி பேலன்ஸ் குறைந்தால் 155223 என்ற கட்டணமில்லா எண்ணில் நிறுத்தலாம். மற்றப் புகார்களுக்கு நிறுவனத்தின் 198 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும். ரீசார்ஜ் ஆனதும் வரும் குறுஞ்செய்தியில் தொகையும் முடியும் தேதியும் இருக்கும். கடையை விட்டு இறங்குமுன் அதைப் படித்துச் சரிபார்த்து, திட்டம் முடியும் வரை அழிக்காமல் வைத்திருக்கவும்.